ஆயிரத்து நூற்று ஏழு நாள்

காலை எட்டு ஐம்பத்திரண்டு. செம்மல் கணினி ஆய்வகத்தைத் திறந்து, விளக்கைப் போடாமல், நேரே வெள்ளைப் பலகைக்குப் போனார். அதன் வலது மூலையில் 1106 என்று எழுதியிருந்தது. ஆறை விரலால் அழித்துவிட்டு ஏழு போட்டார்.

சுவரோரம் மேசைக்கு அடியில் இருக்கும் கணினிப் பெட்டி நிற்காமல் ஓடிய நாள்கள் அவை. மூன்று வருடத்துக்கும் மேலாகக் காலையில் அவருக்கு முதல் வேலை இதுதான். முதலில் பெருமையாக இருந்தது. பிறகு பழக்கமாகிவிட்டது. இப்போது, எழுதாவிட்டால் பெட்டி நின்றுவிடும் என்பதுபோல எழுதினார்.

கல்லூரி ஆலங்குடியிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருந்தது. செம்மல் அங்கே சேர்ந்து பத்தொன்பது வருடம். ஆய்வகப் பொறுப்பாளர். வயது ஐம்பத்தொன்று.

மேசைக்கு அடியில் இரண்டு பெட்டிகள். ஒரே நாளில் வாங்கியவை, ஒரே நிறம், ஒரே உயரம். இடது பெட்டியில் ஃப்ரீபிஎஸ்டி. வலது பெட்டியில் லினக்ஸ், அதில் டெபியன் என்ற வகை. இரண்டும் யூனிக்ஸ் என்ற பழைய முறையின் வழியில் வந்தவை. இரண்டுக்கும் விலை கிடையாது. திரையைப் பார்த்தால் இரண்டிலும் கறுப்பில் வெள்ளை எழுத்து. இடது பெட்டியில் மாணவர்களின் வருகைப் பதிவும் இன்டர்னல் மதிப்பெண்களும் இருந்தன. அது செம்மலுடையது. வலது பெட்டியில் மாணவர்களின் பயிற்சிக் கோப்புகள். அது சத்யபிரியாவுடையது.

சத்யபிரியா இரண்டு வருடத்துக்கு முன் உதவியாளராக வந்தவள். பொன்னமராவதிக்காரி. புதுக்கோட்டையில் விடுதியில் தங்கித் தினமும் பஸ்ஸில் வந்தாள். ஒப்பந்த வேலை.

ஏப்ரலில் அலுவலக மேலாளர் ஆனந்தராஜ் இருவரையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“ரெண்டுமே ஓசிதானே?”

“இலவசம்தாங்க,” என்றார் செம்மல்.

“ஓசிக்கு எதுக்குங்க ரெண்டு பெட்டி? ரெண்டு பெட்டிக்கு எதுக்கு ரெண்டு ஆளு? செயலர் கேக்குறாரு. நான் என்னன்னு சொல்றது?”

செயலர் புதியவர். பார்க்கும் எல்லாவற்றிலும் ஒன்றைக் குறைத்துக்கொண்டிருந்தார்.

“ஆறு மாசம் ரெண்டும் ஓடட்டும். செப்டம்பர் கடைசில எது தேவலைன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. எனக்குப் புரியுற மாதிரி. அந்தப் பெட்டி இருக்கும், அதைப் பாக்குறவங்க இருப்பாங்க. இன்னொருத்தருக்குத் தீபாவளியோட சரி. என்னையத் திட்டாதீங்க.”

“யாரு எழுதுறது?” என்று செம்மல் கேட்டார்.

“சாரே எழுதட்டும்,” என்றாள் சத்யபிரியா. “சார் பொய் எழுத மாட்டாரு.”

இன்று செப்டம்பர் கடைசி நாள். நாளை ஆயுதபூஜை விடுமுறை என்பதால் பூஜையை இன்றே வைத்திருந்தார்கள்.

செம்மல் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். நடுவில் கோடு கிழித்தார். ஆறு மாதமாக மனதுக்குள் எழுதியதுதான். ஆனாலும் கை மெதுவாகவே நகர்ந்தது.

ஃப்ரீபிஎஸ்டி ஒரே குழு கட்டியது. அடித்தளம் வேறு, மேலே நாம் போட்டுக்கொள்ளும் நிரல்கள் வேறு. ஒன்று மற்றதைத் தொடாது. விளக்கப் புத்தகம் ஒன்றுதான், அதில் எழுதியிருப்பது பெட்டியிலும் அப்படியே இருக்கும். பத்து வருடம் முன்பு கற்றது இன்றும் செல்லும். புதிய பிரிண்டரை அதற்குத் தெரியாது. மடிக்கணினியின் வைஃபையை எழுப்ப இரண்டு நாள் ஆனது. தமிழ்த் தட்டச்சைச் சரிசெய்ய நான்கு நாள்.

லினக்ஸ் பல பேர் சேர்ந்து கட்டியது. கெர்னல் என்ற கருவை ஒருவர் தருகிறார், மற்றதை வேறு பலர் தருகிறார்கள், டெபியன்காரர்கள் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறார்கள். எந்தப் பிரிண்டரைச் சொருகினாலும் தெரிந்துகொள்கிறது. மாணவர்கள் வேலைக்குப் போகும் இடத்தில் இதுதான் இருக்கிறது. சந்தேகம் என்று இணையத்தில் தேடினால் நூறு பதில் வருகிறது. அதில் எது நம் பெட்டிக்கானது என்று கண்டுபிடிப்பது தனி வேலை. பழகிய கட்டளைகளை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

இதையெல்லாம் அவர் நியாயமாகவே எழுதினார். வலது பக்கத்தில் நல்லது எழுதும்போது கை தயங்கவில்லை.

‘ஆறு மாதத்தில் நின்ற தடவைகள்’ என்று எழுதி, தன் பக்கத்தில் சுழியம் போட்டார். மறுபக்கத்துக்குச் சத்யபிரியாவின் நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவை பெட்டியை நிறுத்தித் திருப்பிப் போட்டதையும் அவள் தேதி, நேரம், காரணத்தோடு எழுதி வைத்திருந்தாள். ஒன்பது. எல்லாமே புதுப்பித்தலுக்காக அவளே நிறுத்தியவை. ஒன்பது என்று எழுதினார்.

அடுத்து ‘பழுது’. வலது பக்கம் இரண்டு. அதுவும் அவள் நோட்டில் இருந்தது. இடது பக்கத்தில் பேனா நின்றது.

அந்தப் பெட்டிக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுதும். ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். மார்ச் பதினான்காம் தேதி ஒன்று போய்விட்டது. அன்றே புதியது கேட்டு ஒரு கடிதம் எழுதினார். கொடுக்கவில்லை. புதியதைப் பொருத்தப் பெட்டியை நிறுத்த வேண்டும். அன்று பலகையில் 907 என்று இருந்தது. ஆயிரம் ஆகட்டும் என்று நினைத்தார். அதற்குள் ஏப்ரல் வந்தது, ஒப்பீடு வந்தது. அதன் பிறகு நிறுத்த முடியாது. கடிதம் இழுப்பறையிலேயே கிடந்தது.

மற்ற டிஸ்க் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வேலை எதுவும் கெடவில்லை.

அவருடைய மகள் இளமதி நர்சிங் இரண்டாம் வருடம். இந்த வயதில், ஃப்ரீபிஎஸ்டி தெரிந்த ஆள் வேண்டும் என்று புதுக்கோட்டை மாவட்டத்தில் யாரும் விளம்பரம் செய்யப்போவதில்லை.

‘இல்லை’ என்று எழுதினார்.

சத்யபிரியா ஒன்பதரைக்கு வந்தாள். வந்ததும் தன் பெட்டியை நிறுத்தினாள். பூஜைக்கு எல்லாப் பெட்டிகளும் நிற்க வேண்டும். ஆய்வகத்தின் இருபது கணினிகளையும் முந்தின நாளே நிறுத்தியாகிவிட்டது.

“எழுதிட்டீங்களா சார்?”

செம்மல் தாளைத் தள்ளினார். அவள் நின்றபடியே படித்தாள்.

“என் பக்கம் நல்லாத்தான் எழுதிருக்கீங்க.”

“உள்ளதத்தாம்மா எழுதிருக்கேன்.”

“வைஃபை ரெண்டு நாளு இல்ல சார். மூணு நாளு. நான்தான் பக்கத்துல இருந்தேன்.”

“சரி, மூணு.” அவர் திருத்தினார்.

அவள் மறுபடி கீழே பார்த்தாள். “ஒன்பதுக்கு எதிரா சுழியம்.”

“ஆமா.”

“மூணு வருசமா நிக்கலைன்னா, மூணு வருசமா கெர்னல மாத்தவே இல்ல. மூணு வருசமா குளிக்கலைன்னு பலகைல எழுதிப் போட்ட மாதிரி இருக்கு சார்.”

செம்மல் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது.

“அது வெளி நெட்ல இல்லையேம்மா. உள்ளுக்குள்ளதான ஓடுது.”

“வீட்டுக்குள்ளதான இருக்கேன்னு குளிக்காம இருக்க முடியுமா?” தாளைத் திருப்பிக் கொடுத்தாள். “பரவால்ல சார். பழுது இல்ல, நிக்கல. அலுவலகத்துல அது ரெண்டத்தான் பாப்பாங்க. எனக்கே அப்பிடித்தான் தோணுது. குடுத்துருங்க.”

அவர் எழுந்தார். தாளை இரண்டாக மடித்தார்.

“நீ என்ன செய்வ?”

“பாப்போம் சார். திருச்சில கேட்டு வச்சிருக்கேன். தீபாவளி வரைக்கும் இருக்கே.”

ஆனந்தராஜ் அறையில் இல்லை. பூஜைக்குப் பூ வாங்கக் கீரமங்கலம் போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்றார்கள். செம்மல் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தார். எதிரே கல்லூரிப் பேருந்தின் முகப்பில் இரண்டு வாழைக்கன்றுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் கண்ணாடியில் சந்தனத்தைக் குழைத்து மூன்று பட்டை போட்டார். செம்மலுக்குத் தூக்கம் வந்தது. ஆறு மாதமாகவே அப்படித்தான். உட்கார்ந்தால் தூக்கம் வந்தது. படுத்தால் வரவில்லை.

ஆனந்தராஜ் வந்தபோது பத்தே முக்கால். இரண்டு கைகளிலும் செண்டிப்பூப் பைகள்.

“வாங்க வாங்க. ரொம்ப நேரமாச்சா? கீரமங்கலத்துல இன்னைக்கி நிக்க எடமில்லைங்க. ஊரே பூ வாங்குது.” பைகளை வைத்துவிட்டுத் தாளை வாங்கினார். கடைசி இரண்டு வரிகளை மட்டும் படித்தார். “சுழியம், ஒன்பது. இல்லை, ரெண்டு. அவ்வளவுதானே? இத மொதல்லயே எழுதிருக்கலாம்ல. மேல எதுக்கு இவ்வளவு?”

“ரெண்டுலயும் நல்லது இருக்குங்க.”

“இருக்கும் இருக்கும். ஓசில நல்லது இல்லாமயா. பதினொன்னரைக்குப் பூசை. முடிஞ்சதும் செயலர் கையெழுத்துப் போட்டுருவாரு. கவலப்படாம போங்க, ஒங்க பக்கம்தான் நிக்கிது.”

திரும்பி நடக்கும்போது வெயில் ஏறியிருந்தது. நிம்மதி வரும் என்று நினைத்தார். வரவில்லை. வராமல் போனதும் பெரிதாகத் தெரியவில்லை.

ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் ஏதோ குறைந்தது. நின்றார். சாம்பிராணி வாசம். ஒவ்வொரு கணினியின் நெற்றியிலும் சந்தனம், நடுவில் குங்குமம். இருபது திரைகளின் மேலும் ஒவ்வொரு செண்டிப்பூ. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு புரிந்தது. சத்தம் இல்லை. மேசைக்கு அடியிலிருந்து மூன்று வருடமாக வந்துகொண்டிருந்த காற்றாடிச் சத்தம் இல்லை.

துப்புரவு வேலை செய்யும் மூக்காயி தரையில் உட்கார்ந்து கடைசிப் பெட்டிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

“யாரு நிறுத்துனது?”

“நாந்தான் சார்.” அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். “எல்லாம் படுத்திருக்கு, இது மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. போன வருசமும் ஓடிக்கிட்டே பொட்டு வச்சீங்க. அதுக்கு முந்துன வருசமும். ஓடுறதுக்குப் பூச வச்சா அது என்ன பூச?”

“மூக்காயி…”

“நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான் சார் செஞ்சேன். வயரப் புடுங்கல. பட்டன ஒரே ஒரு அமுக்கு. லைட்டு தானா அணையுற மட்டும் நின்னு பாத்துட்டுத்தான் பொட்டு வச்சேன். எனக்கே நாளைக்கி லீவு குடுக்குறாங்க. மிசினுக்கும் ஒரு நா வேணும்ல?”

அவள் செய்ததில் பிழை எதுவும் இல்லை. சாயங்காலங்களில் இருபது கணினிகளையும் நிறுத்த அவர்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒரு அமுக்கு, விளக்கு அணையும்வரை காத்திருக்க வேண்டும். அப்படி நிறுத்தினால் ஃப்ரீபிஎஸ்டி எல்லாவற்றையும் எழுதி முடித்து, ஒழுங்காக மூடிக்கொண்டுதான் அணையும். வழக்கமாகப் பூஜையன்று அவர் இங்கே நின்று, இது வேண்டாம், ஓடட்டும் என்று சொல்வார். இந்த வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“சரி, நீ போ. அங்கிட்டு ஆள் தேடுவாங்க.”

“தப்பா சார்?”

“இல்ல. போ.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். செம்மல் தரையில் உட்கார்ந்தார். பட்டனை அமுக்கினார். காற்றாடி சுற்றியது. திரையில் எழுத்து வந்தது. பிறகு உள்ளிருந்து, டக். கொஞ்சம் இடைவெளி. டக். டக்.

துவங்க எந்த டிஸ்க்கும் இல்லை என்றது திரை.

நிறுத்தினார். மறுபடி போட்டார். டக். ஓடிக்கொண்டிருக்கும்வரை ஓடும், ஒருமுறை நின்றால் எழாது. வயதான டிஸ்க்குகள் சிலது அப்படித்தான். அவருக்குத் தெரியும். மாணவர்களுக்கு அவரே சொல்லியிருக்கிறார். மூன்றாவது தடவை போட்டுவிட்டுப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். கையில் சந்தனம் ஒட்டியது.

சத்யபிரியா காகிதத் தட்டில் நூலகத்துப் பூஜைச் சுண்டலோடு வந்தாள். அவரைத் தரையில் பார்த்ததும் தட்டை மேசையில் வைத்தாள். சத்தத்தைக் கேட்டாள்.

“ரெண்டு டிஸ்க்கும் போச்சா சார்?”

“எழல.”

“எப்பிடி ரெண்டும் ஒரே நேரத்துல…” என்று ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவளும் தரையில் உட்கார்ந்தாள். “இன்டர்னல் மார்க்கு?”

“அதுலதான்.”

“திங்கக்கெழம யுனிவர்சிட்டிக்கு ஏத்தணும்ல.”

“ஆமா.”

“சார், ஒண்ணு சொல்றேன். திட்டக்கூடாது.” அவள் தன் பெட்டியின் பக்கம் நகர்ந்தாள். “ஜூன்ல ஒங்களுக்கு மஞ்சக்காமால வந்து ஒரு வாரம் லீவு போட்டீங்கள்ல. பாஸ்வேர்ட எனக்குக் குடுத்துட்டுப் போனீங்க. அப்பவே ஒண்ணு போட்டு வச்சேன். தெனமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒங்க பெட்டில உள்ளது அம்புட்டையும் இங்கிட்டு இழுத்துக்கும். திரும்பி வந்ததும் சொல்லணும்னுதான் இருந்தேன். கேட்டா அவசியமில்லம்பீங்க. சொல்லல.”

செம்மல் அவளைப் பார்த்தார்.

“திட்டலையே?”

“இல்லம்மா.”

அவள் பெட்டியின் பட்டனில் சந்தனம் அப்பியிருந்தது. துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டு அமுக்கினாள். எந்தச் சத்தமும் இல்லை. எழுத்துகள் வேகமாக ஓடின. அரை நிமிடத்தில் எழுந்து நின்றது. ஆறு மாதத்தில் ஒன்பது தடவை எழுந்த பெட்டி, பத்தாவது தடவையும் எழுந்தது.

“வந்துருச்சு சார்.” அவள் கோப்புகளைத் திறந்தாள். “நேத்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இருக்கு. பி.எஸ்ஸி. மொத வருசம், ரெண்டு, மூணு… எல்லாம் இருக்கு.”

செம்மல் மூச்சு விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாம்பிராணிப் புகை இன்னும் போகவில்லை.

“லீவுக்குள்ள புது டிஸ்க் வாங்கிப் போட்டுரலாம்,” என்றாள். திரையைப் பார்த்தபடியே பேசினாள். “இங்கேருந்து அங்க ஏத்திட்டா திங்கக்கெழம யாருக்கும் எதுவும் தெரியாது. மூக்காயிக்கும் தெரியாது. நான் சொல்லமாட்டேன்.”

“ஒனக்கு எதுக்கு இது?”

“தாள் குடுத்தாச்சுல்ல சார். மூணு வருசம் நிக்காம ஓடுச்சு, அது நெசந்தானே? பூசைக்கு நிறுத்துனா போறது பெட்டியோட தப்பா? ஒங்க தப்பா? எழுதுனப்ப அது ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நீங்க எழுதுனதுல ஒண்ணும் பொய்யில்ல.”

அவருக்குப் பேச வேண்டும் என்று இருந்தது. வாயைத் திறந்தார். அவள் அதற்குள் அடுத்த கோப்புக்குப் போயிருந்தாள்.

“இது என்ன, இவ்வளவு பெருசா? ஒங்க மெயிலா?”

அது கடிதப் பெட்டி. ஃப்ரீபிஎஸ்டி தன்னைப் பார்த்துக்கொள்பவருக்குத் தினமும் அதிகாலை மூன்று மணிக்கு ஒரு கடிதம் எழுதும். எவ்வளவு இடம் மீதி, யார் வந்தார்கள், டிஸ்க்குகள் எப்படி இருக்கின்றன. கேட்காமலே எழுதும். செம்மல் மார்ச்சுக்குப் பிறகு அந்தக் கடிதங்களைத் திறப்பதை நிறுத்தியிருந்தார். அழிக்கவில்லை. அவள் எல்லாவற்றையும் இழுத்துவைக்கச் சொல்லியிருந்தாள். பெட்டி எல்லாவற்றையும் கொடுத்திருந்தது.

“எதனால போச்சுன்னு இதுல இருக்கும்,” என்று அவள் திறந்தாள்.

“சத்யா, அது வேணாம்.”

அவள் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு கடிதம். அதற்கு முந்தையது. அதற்கும் முந்தையது. ஒவ்வொன்றிலும் அதே வரி, ஒரு டிஸ்க் போய்விட்டது என்று. பிறகு வேகமாக மேலே போனாள். விரல் நின்றது. தேதியைப் பார்த்தாள். மார்ச் பதினான்கு. அங்கிருந்து கீழே எண்ண ஆரம்பித்து, எண்ணுவதை விட்டுவிட்டுப் பெட்டியையே எண்ணச் சொன்னாள். இருநூறு என்றது.

அலுவலகத்துப் பக்கமிருந்து பூஜை மணி கேட்டது. யாரோ வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். சுண்டல் ஆறிப்போயிருந்தது. வெள்ளைப் பலகையின் மூலையில் 1107 அப்படியே இருந்தது.

அவள் திரையிலிருந்து திரும்பவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

“சார், அந்தத் தாள்ல ‘இல்லை’ன்னு எழுதுனப்ப இது ஒங்களுக்குத் தெரியுமா?”